எருமை ஜெயித்த ஆட்டம்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு மர அலமாரி உண்டு. அதன் மேல் தட்டில், ஆயாவின் வெற்றிலைப் பெட்டிக்கும் மாந்தோப்புக் குத்தகைச் சீட்டுகளைக் குத்தி வைத்த கம்பிக்கும் நடுவில், ஒரு வீடியோ கேசட் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வந்தது. அதன் முதுகில் ஒட்டிய காகிதத்தில், அப்போது அமெரிக்காவில் பஃபலோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன், 27 ஜனவரி 1991 என்ற தேதியை மட்டும் நீல மையால் எழுதியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் யாருடைய கல்யாண கேசட்டோ என்று எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அது அமெரிக்கக் கால்பந்தின் 25-ஆவது சூப்பர் பவுல். பஃபலோ பில்ஸ் அணியும் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் மோதிய இறுதிப் போட்டி. பழைய அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்புகளை இரவில் கண்விழித்துப் பார்க்கும் கிறுக்கு உனக்கு எங்கிருந்து பிடித்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்தக் கேசட்டைத்தான் காட்ட வேண்டும்.

அது எங்கள் கைக்கு வந்தது அந்த ஆண்டு மே மாதத்தில், தோப்புகளில் மாங்காய் இறக்கிக்கொண்டிருந்த நாட்களில். நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாக 2004-இல் பிரியும் வரை நாங்கள் எல்லோரும் தருமபுரி மாவட்டத்துக்காரர்கள்; எனவே அண்ணனுக்குப் போகும் கடிதங்களிலும் ‘தருமபுரி மாவட்டம்’ என்றே அனுப்புநர் முகவரி இருக்கும். கேசட் வந்துவிட்டதே தவிர, உள்ளூரில் வாடகைக்குக் கிடைத்த எந்த டெக்கிலும் அது ஓடவில்லை. அமெரிக்காவில் வழங்கிய என்.டி.எஸ்.சி. முறையில் ஒரு படத்துக்கு 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். நம் நாட்டில் வழங்கிய பி.ஏ.எல். முறையிலோ 625 கோடுகள், 25 படங்கள். இதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எங்களுக்குத் தெரிந்தது, படம் கிழிந்த துணியைப் போலத் திரையில் ஓடுகிறது என்பது மட்டுமே.

எங்கள் தெருவில் ஒருவர் குவைத்தில் வேலை பார்த்தவர். 1990 ஆகஸ்டில் ஈராக் படை அந்த நாட்டுக்குள் புகுந்தபோது, சம்பாதித்ததையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, ஏர் இந்தியா விமானத்தில் உடுத்த துணியோடு வந்து சேர்ந்தவர். அதற்கு முந்தைய விடுமுறையில் அவர் கொண்டுவந்து வைத்திருந்த ஒரு ஜப்பான் டெக் மட்டும் அவருக்கு மிஞ்சியிருந்தது. அது எல்லா முறையிலும் ஓடக்கூடியது. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டி நம் நாட்டுப் பெட்டிதானே. படம் கீழிருந்து மேலாக உருண்டுகொண்டே இருந்தது. பெட்டியின் முதுகில் இருந்த சிறிய திருகைப் பெரியப்பா கை நுழைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு கட்டத்தில் படத்தை நிறுத்திவிட்டார். நிறம் மட்டும் கடைசி வரை வரவில்லை. ஆகவே, 1991-இல் வண்ணத்தில் ஒளிபரப்பான ஓர் ஆட்டத்தை நாங்கள் கறுப்பு வெள்ளையில் பார்த்தோம்.

யார் எந்த அணி என்று எப்படிப் பிரித்தறிவது? ஓர் அணியின் ஹெல்மெட்டில் எழுத்து இருந்தது, இன்னோர் அணியின் ஹெல்மெட்டில் பாய்ந்து ஓடும் ஓர் எருமையின் உருவம் இருந்தது. பொங்கல் முடிந்ததும் எருது விடும் விழாவுக்காகத் தெருவின் இரு பக்கமும் தடுப்பு கட்டிக் காத்திருக்கும் ஊரில் பிறந்த பிள்ளைகள் எந்தக் கட்சியில் சேருவார்கள் என்று சொல்லவே வேண்டியதில்லை. நாங்கள் எல்லோரும் எருமைக் கட்சி. அந்த விலங்கு நம் எருமை அல்ல, அமெரிக்கக் காட்டெருமை என்பதோ, அணிக்குப் பெயர் ஊரின் பெயரை ஒட்டி வந்தது என்பதோ அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை.

ஆட்டத்தின் விதிகளை எங்களுக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. பக்கத்துக்குப் பதினொருவர், நூறு கெஜ மைதானம், நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி என்பதை நாங்களாகவே கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கண்டுபிடித்தோம். பெரியப்பா அதைச் சடுகுடுவாகவே பார்த்தார். பந்தை வைத்திருப்பவன் பாடிப் போகிறவன், மற்றவர்கள் பிடிக்கிறவர்கள் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்குக்கு மூன்றாம் கால் பகுதியில் அவருக்கு ஒரு பரிசே கிடைத்தது. பதிமூன்று கெஜம் தேவைப்பட்ட நேரத்தில் ஜயன்ட்ஸ் அணியின் மார்க் இன்கிராம் பந்தை வாங்கிக்கொண்டு, பிடிக்க வந்தவர்களில் ஒருவன் மாற்றி ஒருவனிடம் நழுவி, பதினான்கு கெஜம் போய் விழுந்தார். எதிர்க்கட்சி ஆள் என்றாலும் பெரியப்பா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். “இவனைப் பிடிக்க அஞ்சு பேர் பத்தாதுடா” என்று சொல்லி, டெக்காரரிடம் அந்த ஓட்டத்தை மட்டும் நான்கு முறை போடச் சொன்னார். ஜயன்ட்ஸ் அந்த ஒரே நகர்வில் 9 நிமிடம் 29 நொடி பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது என்பதை நான் பின்னாளில் படித்தபோது, பெரியப்பா அன்று இடையிடையே முணுமுணுத்த “பந்தைக் குடுக்கவே மாட்டேங்கிறான் பாரு” என்பது எவ்வளவு சரியான வர்ணனை என்று தோன்றியது.

உண்மையான வர்ணனையில் எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. 1980 டிசம்பர் 20 அன்று என்.பி.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம், ஜெட்ஸ் அணியும் டால்ஃபின்ஸ் அணியும் ஆடிய ஆட்டத்தை வர்ணனையாளரே இல்லாமல், மைதானத்து ஓசையோடு மட்டும் ஒளிபரப்பிப் பார்த்தது. அமெரிக்கர்கள் அதை ஒரு விசித்திரமான சோதனையாக இன்றும் பேசுகிறார்கள். எங்களுக்கு எல்லா ஆட்டமும் அப்படித்தான் இருந்தது.

இடைவேளைப் பகுதிதான் அந்தக் கூடத்தில் எல்லோரையும் அமைதியாக்கியது. வளைகுடாப் போர் தொடங்கிப் பத்தே நாள் ஆகியிருந்த நேரம் அது. ஏ.பி.சி. நிறுவனம் இடைவேளை ஆடல் பாடலைக் காட்டாமல், பீட்டர் ஜென்னிங்ஸ் வழங்கிய போர்ச் செய்தியை ஒளிபரப்பியிருந்தது. விளம்பரங்கள் வரும்போதெல்லாம் பதிவை நிறுத்தி டேப்பை மிச்சப்படுத்திய அண்ணன், செய்தியை மட்டும் முழுதாக விட்டுவைத்திருந்தார். நான்கு மாதம் பழைய செய்தி. போரே முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் டெக்காரர் தரையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, தான் விட்டுவந்த நாட்டின் வரைபடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் கால் பகுதியின் தொடக்கத்தில் பஃபலோவின் தர்மன் தாமஸ் 31 கெஜம் ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்து டச்டவுன் எடுத்தார். எருமை 19, எதிரி 17. கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் எறும்பு ஊரத் தொடங்கிவிட்டது. கேசட் அவ்வளவுதான்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அதற்குச் சான்றும் கையில் இருந்தது. பிப்ரவரியில் வந்த அண்ணனின் கடிதத்தில், ஆட்டத்துக்கு மறுநாள் கடுங்குளிரில் ஆயிரக்கணக்கானோர் நகரச் சதுக்கத்தில் கூடி வீரர்களை வரவேற்றார்கள் என்றும், தானும் அங்கே போய் நின்றதாகவும், ஒரு வீரரின் பெயரைக் கூட்டம் விடாமல் கூவியது என்றும் எழுதியிருந்தார். தோற்ற அணிக்கு யாராவது இப்படிச் செய்வார்களா?

பன்னிரண்டு ஆண்டுகள் நான் அந்த நம்பிக்கையோடு இருந்தேன். 2003-இல் கிருஷ்ணகிரியில் ஒரு பிரௌசிங் சென்டரில், வேலைக்கு விண்ணப்பம் அனுப்பியது போக மீதி இருந்த பத்து நிமிடத்தில், சும்மா தட்டிப் பார்த்தேன். ஜயன்ட்ஸ் 20, பில்ஸ் 19 என்று இருந்தது. தவறாக ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து இன்னொரு பக்கத்தைத் திறந்தேன். அங்கும் அதுவே இருந்தது.

முழு ஒளிபரப்பையும் யூடியூபில் பார்க்கக் கிடைத்தது அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பிறகு. முதல் அதிர்ச்சி ஹெல்மெட். அது சிவப்பு நிறம். நான் அதை இத்தனை நாளும் சாம்பல் நிறமாக மனத்தில் வைத்திருந்தேன். நான்காம் கால் பகுதியில் எறும்பு ஊர வேண்டிய இடத்தில் ஆட்டம் தொடர்ந்தபோது, வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதைப் போலக் கூச்சமாக இருந்தது. ஜயன்ட்ஸ், பந்தை இரு கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் ஒன்றை அடித்து ஒரு புள்ளி முந்தியது. எட்டு நொடி மிச்சம் இருக்கையில் பஃபலோவின் ஸ்காட் நார்வுட் 47 கெஜத்திலிருந்து உதைத்தார். பந்து உயரமாகத்தான் போனது. வலப்புறக் கம்பத்துக்கு வெளியே போனது. பஃபலோ அடுத்த மூன்று ஆண்டுகளும் இறுதிப் போட்டிக்கு வந்து, மூன்றிலும் தோற்றது. மறுநாள் குளிரில் நின்ற கூட்டம் கூவிய பெயர் அந்த நார்வுட்டின் பெயர்தான் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கோப்பையைக் கோட்டைவிட்டவரை மேடைக்கு அழைத்து அவர்கள் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து இந்தப் பழக்கம் விடவில்லை. முடிவு தெரிந்த ஆட்டத்தை எதற்குப் பார்க்கிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். கூத்தில் துரியோதனன் சாவான் என்பது தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம் என்று நானும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் என்னை இழுப்பது அந்த ஒளிபரப்புகளின் நிதானம். அந்த ஆட்டங்களில் புள்ளிக் கணக்கு எந்நேரமும் திரையின் மூலையில் நிற்பதில்லை. அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் அதை நிலையாக வைத்தது 1994-இல் வந்த ஃபாக்ஸ் நிறுவனம். அதற்கு முன்பு, நடுவில் வந்து உட்கார்ந்தவன் வர்ணனையாளர் சொல்லும் வரை அல்லது எழுத்து ஒரு முறை தோன்றி மறையும் வரை காத்திருக்க வேண்டும். எத்தனை கெஜம் பாக்கி என்று காட்டும் மஞ்சள் கோடு 1998-இல்தான் வந்தது. கோடு இல்லாத ஆட்டத்தில் நம் கண்ணே அளக்க வேண்டும். நடுவர்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து அளக்கும்போது மைதானத்தோடு சேர்ந்து நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

சி.பி.எஸ். நிறுவனத்துக்காக 1981 முதல் ஒன்றாக வர்ணித்த பாட் சம்மராலையும் ஜான் மேடனையும் நான் மிக விரும்பிக் கேட்கிறேன். சம்மரால் எறிந்தவர் பெயர், பிடித்தவர் பெயர் என்று இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுவார். அதற்கு மேல் கூட்டம் பேசும். மேடனோ திரையில் கோடு கிழித்து வட்டம் போட்டு, பந்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில் இரண்டு பருத்த ஆட்கள் முட்டிக்கொள்வதை விளக்குவார். பெரியப்பாவுக்கு அவரைப் பிடித்திருக்கும்.

முடிவு கிடைக்காமல் போனவர்கள் நாங்கள் மட்டும் அல்ல என்பது எனக்கு ஒரு சிறு ஆறுதல். 1968 நவம்பர் 17 அன்று ஜெட்ஸ் அணி 32–29 என்று முந்தியிருக்க, 65 நொடி மிச்சம் இருந்தபோது, மணி ஏழாகிவிட்டது என்று என்.பி.சி. ஆட்டத்தை வெட்டிவிட்டு ‘ஹைடி’ என்ற குழந்தைகள் படத்தைப் போட்டது. அந்த 65 நொடிக்குள் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் இரண்டு டச்டவுன் எடுத்து 43–32 என்று வென்றுவிட்டது. எங்களைப் போலவே, ஜெட்ஸ் ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தூங்கப் போனவர்கள் எத்தனை பேரோ! 1967-இல் நடந்த முதல் சூப்பர் பவுல் கதை இன்னும் மோசம். சி.பி.எஸ்., என்.பி.சி. இரண்டுமே அதை ஒளிபரப்பின. இரண்டுமே பதிவைப் பாதுகாக்கவில்லை. டேப் விலை அதிகம் என்று, மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வழக்கம் இருந்த காலம் அது. பல ஆண்டுகளுக்குப் பிறகு பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து ஒரு பதிவு கிடைத்தது; அதிலும் இடைவேளையும் மூன்றாம் கால் பகுதியில் பெரும்பகுதியும் இல்லை. பெரிய நிறுவனங்கள் அழித்ததை ஏதோ ஒரு வீட்டுப் பரண் காப்பாற்றியிருக்கிறது என்று படித்த அன்றுதான், எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பதையும் பூசணம் பிடிக்கும் முன் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சென்ற மாதம் கேசட்டை ஓசூரில் ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனபோது கடைப் பையன் பென் டிரைவைக் கொடுத்து, “2 மணி 11 நிமிஷம் இருக்குங்க சார், மீதி அரை மணி நேரம் வெறும் டேப்பு” என்றான். எனக்குப் புரியவில்லை. கேசட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரத்தில் டி-160 என்று அச்சிட்டிருந்தது. நூற்று அறுபது நிமிட கேசட். கண்ணாடித் துளை வழியே, இடப்பக்கச் சக்கரத்தில் ஒரு விரல் பருமனுக்கு டேப் சுற்றாமல் இருந்தது. விளம்பரங்களை நீக்கிப் பதிவு செய்தால் மீதி ஆட்டம் ஏறத்தாழ அதில் அடங்கியிருக்கும்.

அன்று இரவு அண்ணனை அழைத்தேன். அவருக்கு இப்போது அறுபது வயது ஆகப்போகிறது. இன்னும் அதே பஃபலோவில்தான் இருக்கிறார். அங்கே காலை, பனி வாரிக்கொண்டிருந்தார். கேசட்டைக் கணினிக்கு மாற்றிவிட்டேன் என்று சொன்னேன், மகிழ்ந்தார். 19–17-இல் ஏன் நின்றுவிட்டது அண்ணா என்று கேட்டேன்.

“டேப்பு தீந்து போச்சுடா” என்றார். பிறகு சிறிது நேரம் வாரியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, தோப்பில் இந்த வருடம் பூ நன்றாக வைத்திருக்கிறதா என்று கேட்டார். செந்தூராவில் பரவாயில்லை, பெங்களூராவில்தான் குறைவு என்று சொன்னேன்.