ஹாங்காங்கில் மார்மன்கள்: படித்ததும் பார்த்ததும்

பிப்ரவரி 3

மார்மன் ஊழியர் ஹோசியா ஸ்டவுட்டின் நாட்குறிப்பில் ஹாங்காங் பகுதியை எடுத்தேன். மார்மன்கள் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபை. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய மார்மன் மாநாடு, உலகின் பல மூலைகளுக்கு மதம் பரப்ப ஊழியர்களை அனுப்பியது. சீனாவுக்கென்று ஸ்டவுட், ஜேம்ஸ் லூயிஸ், சாப்மன் டங்கன் மூவரும் 1853 ஏப்ரல் கடைசியில் இங்கே வந்து இறங்கினார்கள். கையில் காசில்லாமல் கிளம்புவது அந்தச் சபையின் அன்றைய வழக்கம். போகிற ஊரில் யாராவது சாப்பாடு போடுவார்கள் என்ற நம்பிக்கைதான். ஹாங்காங்கில் அந்த நம்பிக்கை எத்தனை நாள் தாங்கும்? ஒரு புண்ணியவான் தன் வீட்டு மாடியைக் கொடுத்ததால் தலைக்கு மேல் கூரை இருந்தது.

பிப்ரவரி 4

பிரசங்கம் அணிவகுப்பு மைதானத்தில். கேட்டவர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்களும் ஐரோப்பியர்களும். சீனர்களிடம் பேச மொழியில்லை, வாத்தியார் வைக்கப் பணமில்லை. பலதார மணத்தைச் சபை பகிரங்கப்படுத்தியதும் அதே 1852 மாநாட்டில்தான். பத்திரிகைகள் சும்மா விடுமா? உள்நாட்டுக்குப் போகவும் வழியில்லை. மார்ச்சில்தான் சீன அரசை எதிர்த்துக் கிளம்பிய தைப்பிங் கிளர்ச்சிப் படை நான்ஜிங் நகரைப் பிடித்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதன் தலைவர் ஹொங் சியூசுவான் தன்னை இயேசுவின் தம்பி என்று சொல்லிக்கொண்டவர்.

ஜூன் 22-ல் மூவரும் கப்பலேறினார்கள். ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. ஸ்டவுட் ஊரில் இல்லாதபோதே அவர் மனைவி லூயிசா இறந்திருந்தார்.

பிப்ரவரி 7

அலுவலகத்தில் நேரமே இல்லை. சுருக்கமாக: 1921-ல் சபையின் மூத்த தலைவர்களில் ஒருவரான டேவிட் மெக்கே பெய்ஜிங்கில் ஜெபம் செய்து, சீனாவை ஊழியத்துக்கு அர்ப்பணித்தார். 1949-ல் ஹாங்காங்கில் மறுபடி தொடங்கினார்கள். கொரியப் போரால் 1951-ல் மூட்டை கட்டினார்கள். 1955-ல் திரும்ப வந்தார்கள், அடுத்த ஆண்டு தைவானுக்கும் போனார்கள். இந்த முறை வந்த இளைஞர்கள் தங்கியிருந்து மொழியைக் கற்றார்கள். என் கணக்கில் உண்மையான தொடக்கம் இதுதான். சபையின் வேதநூலான மார்மன் நூல் சீனத்தில் 1965-ல் வந்தது.

பிப்ரவரி 9

ஹாங்காங்கின் கவுலூன் டாங் பகுதியில் உள்ள மார்மன் ஆலயம். சுற்றிலும் புல்வெளி, பூந்தோட்டம் என்று கட்டிப் பழகிய சபை, இங்கே மனை விலைக்குப் பணிந்துவிட்டது. இருந்த பழைய மிஷன் கட்டடத்தை இடித்து, ஜெபக்கூடம், குடியிருப்பு, ஆலயம் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் மாடி மாடியாக அடுக்கினார்கள். 1992-ல் தனக்கு நள்ளிரவில் தோன்றிய யோசனை இது என்றார் சபைத் தலைவர்களில் ஒருவரான கார்டன் ஹிங்க்லி. 1996 மே மாதம் திறப்பு. அடுத்த ஆண்டு ஊரே சீனாவின் கைக்குப் போனது.

பிப்ரவரி 10

எல்லைக்கு அந்தப் பக்கம், சீனப் பெருநிலத்தில், இன்றும் மிஷனரிகளுக்கு அனுமதியில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தனியாக, சீனக் குடிமக்கள் தனியாகக் கூடுகிறார்கள். 2020 ஏப்ரலில் ஷாங்காயில் ஆலயம் வரும் என்று சபைத் தலைவர் ரஸல் நெல்சன் அறிவித்தார். அங்குள்ள அதிகாரிகள், தங்களுக்கு அப்படியொன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.