28 மில்லிமீட்டர்

இன்று காலை ஒரு சின்னப் பள்ளம். டங்கென்று சத்தம், ஸ்டியரிங் வரை அதிர்ந்தது.

இறங்கிப் பார்த்தேன். வீல் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு நெளிவு. விரலால் தடவினால் தெரிகிறது.

கம்பெனியிலிருந்து வந்தது 185/65 ஆர்15 டயர்: அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், வீல் 15 அங்குலம். ஆசைப்பட்டு 205/45 ஆர்17 போட்டேன். வெளிவிட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஸ்பீடோமீட்டர் காட்டுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் டயரின் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 92 ஆகிவிட்டது.

அந்த 28 மில்லிமீட்டர் இருந்தவரை பள்ளத்தின் அடியை முதலில் டயர் வாங்கிக்கொண்டது. இப்போது அடி நேராக வீலுக்குப் போகிறது.

வளைவுகளில் வண்டி சொன்ன பேச்சு கேட்கிறது, அதை மறுக்க மாட்டேன். பக்கச்சுவர் குட்டையானால் நெளிவதும் குறையும். அந்தச் சுகத்துக்காகத்தானே மாற்றினேன்!

காரை வடிவமைத்தவர்கள், ஐந்து பேரும் சாமான்களும் ஏறிய வண்டியை, மழையை, மோசமான சாலையை எல்லாம் சேர்த்து யோசித்திருப்பார்கள். நான் பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறவன். என் கணக்கு வேறு.

சரி, 15க்கே திரும்பப் போவதில்லை. 195/55 ஆர்16 பார்த்து வைத்திருக்கிறேன். பக்கச்சுவர் 107.

மாற்றியதும் இதே சாலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும்.