செப்பு டோக்கன்: களிம்பு எடுத்து, நிறுத்து, உருட்டிப் பார்த்தது

லண்டனிலிருந்து அக்கா கொண்டுவந்த செப்பு டோக்கனில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. குத்துவிளக்குத் துலக்கும் புளியை அம்மம்மா நீட்டினார், வேண்டாம் என்றேன். புளி களிம்போடு சேர்த்துப் பழஞ்செம்பின் மேல்தோலையும் தின்றுவிடும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, மூங்கில் பல்குத்தியால் எழுத்துகளின் இடுக்கை மட்டும் சுரண்டினேன். மெல்ல மெல்ல முக்காடிட்ட தாடிக்காரர் ஒருவர் தெளிந்து வந்தார்.

அரசன் தலை அல்ல அது. வேல்ஸில் ஆங்கிள்சி தீவின் பாரிஸ் மலையில் செம்பு தோண்டிய கம்பனி, 1787இல் வெளியிட்ட பென்னி. பிரித்தானிய அரச நாணயச்சாலை 1775க்குப் பிறகு செப்புக் காசு அடிக்கவில்லை. புழங்கியவற்றில் பாதிக்குமேல் கள்ளக்காசு. கூலி கொடுக்கச் சில்லறை இல்லாத முதலாளிகள் டோக்கன் என்ற தனியார் காசைத் தாங்களே அடித்துக்கொண்டார்கள்.

நகைக்கடைத் தராசில் 28 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பென்னிக்கு ஓர் அவுன்ஸ், அதாவது 28.35 கிராம், செம்பு என்பது கணக்கு. தேய்மானம் போக நேர்மையான எடைதான். 1797இல் அரசு பர்மிங்காம் ஆலை முதலாளி மாத்தியூ போல்டனைக் கொண்டு அடித்த பென்னியும் அதே ஓர் அவுன்ஸ். வியாபாரியைப் பார்த்து அரசு படித்துக்கொண்டது என்றே சொல்வேன்.

அதிகம் மினக்கெட்டது விளிம்பில். படம் எடுத்தால் ஒருசில எழுத்துகளே தெரிகின்றன. பிள்ளைகளின் விளையாட்டுக் களிமண்ணைப் பட்டையாகத் தட்டி, டோக்கனை நிமிர்த்தி உருட்டினேன். முழு வரியும் இடம்வலம் மாறிப் பதிந்தது. கைபேசியில் படத்தைத் திருப்பி வாசித்தேன். "கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தர உறுதியளிக்கிறோம்" என்று தலைக்கு மறுபக்கத்தில் தொடங்கும் வாக்கியம், "கேட்டவுடன், லண்டன், லிவர்பூல் அல்லது ஆங்கிள்சியில்" என்று விளிம்பில்தான் முடிகிறது. எங்கே போய் மாற்றுவது என்று சொல்லாத உறுதிமொழியை யார் வாங்குவார்கள்?

கொழும்பு வேகந்த ஆலைக்காக ஜோர்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனம் வெளியிட்ட காப்பி டோக்கன் போன்றவற்றை இப்படி நிறுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அவை கூலிச் சீட்டுகள். அவற்றில் செம்பு, சீட்டு அச்சிட்ட தாள் போலத்தான்.

திருகோணமலையின் பெயரெழுத்தோடும் காசு உண்டு. ஒல்லாந்தக் கம்பனி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையில் அடித்த தடித்த செப்பு ஸ்டைவர்களில் 'டி' என்ற எழுத்து இவ்வூரைக் குறிக்கும். அடித்ததும் ஒரு வியாபாரக் கம்பனிதானே என்று அதையும் என் ஏட்டில் சேர்த்துவிட்டேன். உவர்மலையில் ஒரு மாஸ்டரிடம் ஒன்று இருக்கிறது. பென்சிலால் தேய்த்துப் படி எடுக்க விட்டார். நகைக்கடைக்குக் கொடுத்தனுப்ப மட்டும் மனமில்லை. தராசை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.