ஜெர்மனிக்குப் படிக்க வந்தேன், அப்பாவின் பெயரில் நோயாளியானேன்

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலி. நம் ஊரில் இது ஒரு குறையே அல்ல. முன்னால் ஓர் எழுத்து, பின்னால் பெயர், அவ்வளவுதான் மனிதன். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் நிற்கிறது, பொறியியல் பட்டத்தில் பின்னால் போய்விட்டது, பாஸ்போர்ட்டில் அறவே இல்லை. இருபத்து நான்கு வயது வரை இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஜெர்மனியில் முதுகலை படிக்கலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

முதல் வேலை ஏ.பி.எஸ். சான்றிதழ். இந்திய மாணவர்கள் ஜெர்மன் விசாவுக்கு விண்ணப்பிக்க 2022 நவம்பர் 1 முதல் இது கட்டாயம். நம் மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் உள்ள அலுவலகம் சரிபார்த்துத் தரும். நான் கட்டியது 18,000 ரூபாய். மூன்று காகிதத்தில் மூன்று விதமாகப் பெயர் இருந்ததால், எதற்கும் இருக்கட்டும் என்று தஞ்சாவூர் நீதிமன்ற வாசலில் ஒரு நோட்டரி வழக்கறிஞரிடம் போனேன். அவர் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "மூன்று பேரும் நீதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்படியானால் போடு கையெழுத்தை." மூவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி வாங்கியதோடு பெயர் விவகாரம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்தது பணம். முதலாம் ஆண்டுச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே ஒரு முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நான் விண்ணப்பித்த 2025இல் அது 11,904 யூரோ. ஜெர்மனி போய்ச் சேர்ந்த பிறகு அதிலிருந்து மாதம் 992 யூரோ நம் கைக்கு வரும். கல்விக் கடனுக்காக வங்கிக்கு நடந்த நடையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். விசா நேர்காணலை நினைத்து நான் பயந்த அளவுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை. கட்டணம் 75 யூரோ, அதை ரூபாயில் கட்டினேன். கைரேகை எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மருத்துவக் காப்பீட்டில் கொஞ்சம் நிற்க வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது. காப்பீடு இல்லாமல் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். எனக்கு மாதம் சுமார் 145 யூரோ. சென்னையில் ஒரு முகவர் இதைக் கேட்டு உச்சுக்கொட்டினார். அதில் கால்வாசிப் பணத்துக்குத் தனியார் காப்பீடு வாங்கித் தருகிறேன் என்றார். அவர் சொல்லாமல் விட்டது இது: பொதுக் காப்பீடு வேண்டாம் என்று ஒருமுறை விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை மாணவராகத் திரும்ப உள்ளே வர முடியாது. மலிவான தனியார் திட்டங்கள் பல, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தருவதில்லை. இன்னொன்றும் உண்டு. செப்டம்பரில் போய் இறங்கினாலும் பொதுக் காப்பீடு குளிர்காலக் கல்விப் பருவம் தொடங்கும் அக்டோபர் 1 அன்றுதான் உயிர்பெறும். இடையில் இருக்கும் நாட்களுக்குப் பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். நான் பதின்மூன்று நாட்களுக்கு எடுத்தேன்.

பொதுக் காப்பீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்தபோது மணி இரவு பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. குடும்பப் பெயர் இல்லாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. புள்ளி வைத்துப் பார்த்தேன், கோடு போட்டுப் பார்த்தேன். கடைசியில் அப்பாவின் பெயரை முழுதாக எழுதினேன். உடனே நகர்ந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

கெம்னிட்ஸ் நகரில் நான் இறங்கியது செப்டம்பர் 18. மூன்று பேர் இருந்த ஒரு வீட்டில் நான்காவது அறை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்று இதற்குப் பெயர். வங்கிக் கணக்கு, வரி எண், பிறகு வசிப்பிட அனுமதி என்று எல்லாமே இந்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. பதிவுக்குப் போகும்போது, இவர் இங்கே குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. அறை பார்க்கும்போதே அந்தப் படிவம் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். தர மறுக்கும் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பதிவு அலுவலகத்தில் இருந்த பெண்மணி பாஸ்போர்ட்டில் உள்ளபடியே என் ஒற்றைப் பெயரைப் பதிந்தார். வீட்டுக்கு வந்து அஞ்சல் பெட்டியிலும் அதே பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டினேன்.

ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது என்றே சொல்லலாம். முகவரியில் தெருவும் கட்டட எண்ணும்தான் இருக்கும். அதற்குமேல் தபால்காரருக்கு வழிகாட்டுவது பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்தான். உறையில் உள்ள பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். நம் ஊரில் "பிள்ளையார் கோவில் எதிரே, பச்சை கேட்" என்று எழுதினாலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிக்கும் தபால்காரரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? காப்பீட்டு அட்டை அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. பெட்டியில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

அக்டோபர் 15, புதன்கிழமை. விடியும்போதே காய்ச்சல், தொண்டையில் எச்சில்கூட இறங்கவில்லை. பகலெல்லாம் வெந்நீரும் மிளகு ரசமுமாகச் சமாளித்துப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் பக்கத்துக் கிளினிக்குகளுக்குப் போன் செய்தேன். எங்கேயும் எடுக்கவில்லை. புதன் பிற்பகலில் பெரும்பாலான மருத்துவர்கள் கடையைச் சாத்திவிடுவார்கள் என்று அறைத்தோழன் சொல்லித்தான் தெரிந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் 112. அந்த அளவுக்கு இல்லை, ஆனால் நாளை வரை பொறுக்க முடியாது என்றால் 116117. அந்த எண்ணில் பேசியவர் அன்று மாலை திறந்திருக்கும் ஓர் அவசரச் சிகிச்சை மையத்தின் முகவரியைச் சொன்னார். போகிற வழியில் இந்த நகரத்தின் அடையாளமான கார்ல் மார்க்ஸ் சிலை இருக்கிறது. ஏழு மீட்டர் உயரத்துக்குத் தலை மட்டும்தான், உடம்பு கிடையாது. அன்று எனக்கும் உடம்பு இருப்பது தெரியவில்லை, தலை மட்டும் பாரமாக இருந்தது.

வரவேற்பு மேசையில் அட்டை எங்கே என்றார்கள். இன்னும் வரவில்லை என்றேன். அட்டைக்குப் பதிலாகக் காப்பீட்டு நிறுவனம் ஒரு மாற்றுச் சான்று அனுப்பலாமாம், போன் செய்து கேட்கச் சொன்னார்கள். செய்தேன். மறுமுனையில் இருந்தவர் பெயர் கேட்டார், சொன்னேன். அப்படி ஒருவர் எங்களிடம் இல்லையே என்றார். பிறந்த தேதி சொல்லி, கைப்பேசியில் இருந்த உறுப்பினர் கடிதத்தைத் திறந்து அதன் மூலையில் இருந்த எண்ணைப் படித்த பிறகுதான் என்னைக் கண்டுபிடித்தார். அதன்பின் காரியம் பத்தே நிமிடத்தில் முடிந்தது. சான்று நேராக மையத்துக்கே வந்துவிட்டது.

சுவரோரமாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு செவிலியர் வந்து யாரையோ கூப்பிட்டார். யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். "ஹெர்", அதாவது திரு, என்பதற்குப் பின்னால் ஏதோ நீளமாக, கல்லில் தட்டித் தட்டிப் போவதுபோல ஒரு பெயர். பாவம், யாரோ தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றிலும் பார்த்தேன். மூன்றாவது முறை அவர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னபோதுதான் காதில் உறைத்தது. அது அப்பாவின் பெயர். திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே என்னை வழியனுப்பிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிய மனிதர் கெம்னிட்ஸில் தொண்டை வலியோடு உட்கார்ந்திருப்பது போல ஒரு கணம் தோன்றியது. எழுந்து போனேன்.

மருத்துவர் தொண்டையைப் பார்த்தார், நுண்ணுயிர்க்கொல்லி எழுதினார். இங்கே 2024 முதல் மருந்துச்சீட்டு மின்னணு முறைக்கு மாறிவிட்டது. மருந்துக்கடையில் காப்பீட்டு அட்டையைச் செருகினால் சீட்டு திரையில் வரும். அட்டை இல்லாத எனக்குக் கட்டம் கட்டமான குறியீடு அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். மருத்துவருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. மருந்துக்கு 5 யூரோ. விலையில் பத்து சதவீதம், குறைந்தது 5, அதிகபட்சம் 10 என்பது கணக்கு. காய்ச்சல் மாத்திரையைக் கைவசம் வைத்திருங்கள். பாராசிட்டமால்கூட இங்கே மருந்துக்கடையில் மட்டும்தான் கிடைக்கும், பல்பொருள் அங்காடியில் கிடைக்காது. ஊரிலிருந்து தொடர்மருந்து எடுத்து வருபவர்கள் மருத்துவரின் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கம்பெனிப் பெயர் இங்கே யாருக்கும் புரியாது. கண்ணாடி போடுபவர்கள் இரண்டாக எடுத்து வாருங்கள். பெரியவர்களின் சாதாரணப் பார்வைக் குறைக்குக் காப்பீடு கண்ணாடி வாங்கித் தராது.

கிளம்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுபதிப்புச் செய்து குடும்பப் பெயரைச் சேர்த்திருந்தால் இத்தனையும் இல்லை. ஏ.பி.எஸ்ஸுக்கு விண்ணப்பிப்பதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும். பிறகு மாற்றினால் எல்லாத் தாளையும் மாற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். மாற்ற நேரமில்லையா? எந்தப் படிவத்தில் எந்தப் பெயரை எப்படி எழுதினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டு என்னிடம் இப்போது இருக்கிறது.

மறுநாள் பெட்டியில் அப்பாவின் பெயரையும் எழுதி ஒட்டினேன். படமெடுத்து அனுப்பியதும் அப்பா போன் செய்தார். "வாடகை என் பெயரிலா போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார். பத்து நாளில் அட்டை வந்தது.

அதற்குள் வேறொரு கடிதம் வந்திருந்தது. அரசு ஒலிபரப்புக்காக ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். டிவி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை. முகவரிப் பதிவிலிருந்து பெயரை எடுத்து எழுதுகிறார்கள். வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும் என்பதால் அறைத்தோழன் ஏற்கெனவே கட்டிவரும் கணக்கின் எண்ணைக் கொடுத்துத் தப்பித்தேன், என் பங்கைக் காலாண்டுக்கு ஒருமுறை அவனிடம் கொடுத்துவிடுகிறேன். அந்த உறையின்மேல் அப்பாவும் இல்லை, இனிஷியலும் இல்லை. என் ஒற்றைப் பெயர், ஓர் எழுத்து பிசகாமல்.