ஹார்ன் கேட்காத பர்கண்டி

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் காது முதுகில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போதுகூட, பின்னால் வருவது காரா, பஸ்ஸா, தண்ணி லாரியா என்று திரும்பாமலே சொல்லிவிடுவேன். பல வருடப் பழக்கம். அதை ஒரு திறமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன செப்டம்பரில் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் மூன்று நாள் ஓட்டிய பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

திட்டம் என் மனைவியுடையது. போன் என்ற ஊரில் (கையில் இருக்கும் போன் இல்லை, ஊரின் பெயரே அதுதான்) வாடகைக்குச் சைக்கிள் எடுத்து, திராட்சைத் தோட்டங்கள் வழியாகத் தெற்கே மாக்கோன் வரை, முடிந்தமட்டும் கார் வராத பாதையிலேயே போவது. அந்த ஊர்க்காரர்கள் ஒரே நாளில் முடித்துவிடக்கூடிய தூரம். நாங்கள் மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன் நகரில் எல்லோரும் பார்க்கும் அந்தப் பழைய மருத்துவமனையை நாங்களும் பார்த்தோம். பர்கண்டிக் கோமகனின் மந்திரியாக இருந்த நிக்கோலா ரோலன் 1443ல் ஏழைகளுக்காக நிறுவியது. கூரையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு ஓடுகளைப் பாய் முடைந்த மாதிரி வேய்ந்திருக்கிறார்கள். நோயாளிகளின் கட்டில்களைவிட எனக்குப் பிடித்தது அதன் பொருளாதாரம். நம் கோயில்களுக்கு நிலம் எழுதிவைத்ததுபோல இந்த மருத்துவமனைக்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த ஒயினை இன்றும் வருடாவருடம் நவம்பரில் ஏலம் விடுகிறார்கள்.

போனிலிருந்து சான்தனே வரை 22 கிலோமீட்டருக்கு ‘கொடிகளின் வழி’ என்று பெயர். பொமார், வொல்னே, மெர்சோ, புலின்யி என்று ஒயின் புட்டியில் மட்டும் படித்த பெயர்களெல்லாம் வரிசையாக ஊர்ப்பலகைகளில் வருகின்றன. இது முழுக்கக் கார் வராத பாதை என்று நம்பிப் போகாதீர்கள். தோட்ட வேலைக்காகப் போட்ட குறுகலான காங்கிரீட் சாலைகள்தான் பெரும்பகுதி. நடுவில் ஊருக்குள் நுழைந்து வெளியே வரும். பொமாரைத் தாண்டி ஏற்றங்கள் கொஞ்சம் கடுப்பானவை. ஒன்றில் நான் இறங்கித் தள்ளினேன். மனைவி இறங்கவில்லை.

சரி, வண்டியே வராதா என்றால் ஒரு வண்டி வரும். டிராக்டர்தான், ஆனால் நம்மூர் டிராக்டர் இல்லை. நீளமான கால்களோடு, ஒரு வரிசைக் கொடியை வயிற்றுக்கு அடியில் விட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் சக்கரம் ஓட நடந்து வருகிற ராட்சத வெட்டுக்கிளி மாதிரி ஒன்று. அதைப் பார்த்தால் ஓரமாக நின்றுவிட வேண்டும். அது அவர்கள் வேலை செய்யும் இடம், நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். நாங்கள் போனபோது அறுவடை கடைசிக்கட்டத்தில் இருந்தது. ஆட்கள் குனிந்து கத்தரியால் குலையை வெட்டி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மூர்த் தேனிப் பக்கத்துக் கம்பத்தில் திராட்சை என்றால் தலைக்கு மேலே பந்தல். அண்ணாந்து பறிக்க வேண்டும். இங்கே கொடி இடுப்பளவுதான். ஒரு நாள் முழுக்கக் குனிந்தால் என்ன ஆகும் என்று முதுகு வலிக்காரனான எனக்குத் தெரியும். கம்பத்துப் பன்னீர் திராட்சையே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். பாதிரியார் கொடியைக் கொடுத்தார், நாம் பந்தலைப் போட்டு முதுகைக் காப்பாற்றிக்கொண்டோம்.

நம் ஊரில் மேலக்காடு, கோயில்பத்து என்று வயலுக்கு வயல் பெயர் இருக்குமே, அதுபோல இங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயர் உண்டு. அப்படி 1247 துண்டுகளை 2015ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மண்ணும் சரிவும் வெயில் படும் திசையும் மாறினால் ஒயினின் பெயரும் விலையும் மாறிவிடும். உலகத்தின் மிக விலை உயர்ந்த வெள்ளை ஒயின்களில் ஒன்றைத் தரும் மோன்ரஷே தோட்டம் மொத்தமே 8 ஹெக்டேர், அதாவது 20 ஏக்கர். கல் மதிலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பார்த்தேன். பாதைக்கு அந்தப் பக்கத்துக் கொடிக்கும் இந்தப் பக்கத்துக் கொடிக்கும் என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மெர்சோவில் ஒரு நிலவறையில் சுவைத்துப் பார்த்தபோது நாக்குக்குக் கொஞ்சம் தெரிந்தது. சுவைத்தபின் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு அங்கே சைக்கிள்காரருக்கும் உண்டு. துப்பினேன். மனசே இல்லை.

சான்தனேக்கு அப்புறம் கால்வாய்க் கரை. லுவார் நதியையும் சோன் நதியையும் இணைக்க வெட்டிய சென்ட்டர் கால்வாய் அது. தரை சமம், தண்ணீர் அசையவில்லை. அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகிற யூரோவெலோ 6 பாதையும் இதே கரையில்தான் வருகிறது. மூட்டை கட்டிய சைக்கிளில் எதிரே வந்த முதியவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். “புடாபெஸ்ட்” என்றார். நாங்கள் எங்கிருந்து என்று அவர் திருப்பிக் கேட்டபோது “போன்” என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. இரவு ஷாலோனில் தங்கினோம். புகைப்படத்தின் முன்னோடி நியெப்ஸ் 1765ல் பிறந்த ஊர். சிலைக்கு முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

இரண்டாம் நாளுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். ஷாலோனை விட்டுப் பத்து கிலோமீட்டர் போனால் ஜீவ்ரி. அங்கிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை. ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, 1997ல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். பிரான்சில் ‘பசுமை வழி’ என்ற பெயரில் வந்த முதல் பாதை இதுதான். வண்டிப்பாதை குறுக்கிடும் இடங்களில் மட்டும் சின்னத் தடுப்புகள் நிற்கும்.

ரயில்பாதையின் குணம் ஓட்டிப் பார்த்தால்தான் புரியும். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது, சட்டென்று திரும்பவும் முடியாது. அதனால் அன்றைய பொறியாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மலையைச் சுற்றி நிதானமாக வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். எஞ்சினுக்காகப் பட்ட அந்தப் பாடெல்லாம் இப்போது என் முழங்காலுக்கு. கியர் மாற்றுவதையே மறந்துவிட்டேன். மனைவி பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள். இருவர் அருகருகே பேசிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது எங்களுக்குப் புதிது. ஊரில் ஒருவர் பின்னால் ஒருவர், கத்திக் கத்தித்தான் பேசுவோம். இங்கேயும் முதல் அரைமணி நேரம் கத்தினோம்.

சான்-ஜான்கூ என்ற ஊருக்கு முன்னால் என் பின்சக்கரம் பங்க்சர். இந்த ஊர் ஒரு காலத்தில் பெயரோடு ‘அரச’ என்று ஒட்டிவைத்திருந்தது. பிறகு குடியரசு வந்ததும் அதை ‘தேசிய’ என்று மாற்றிக்கொண்டது. நம்மூர்த் தெருப்பெயர்கள் ஞாபகம் வந்தன. வாடகைக் கடைக்காரர் கொடுத்த உதிரி ட்யூபை எடுத்தால், அதன் வால்வு தடிமன், ரிம்மின் ஓட்டை ஒல்லி. உள்ளே போகவே இல்லை. பளபளப்பான உடையில் வந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் நிறுத்தி, வால்வைப் பார்த்து நாக்கால் ‘ச்’ கொட்டி, தன் பையிலிருந்த ட்யூபைக் கொடுத்தார். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். மாட்டிக் காற்றடித்து முடிக்கும்வரை கூடவே நின்றார்.

அந்த அரைமணி நேரத்துக்கு வயிறு விலை கொடுத்தது. கோர்மாதானை அடைந்தபோது மணி இரண்டே கால். கிராமத்துச் சாப்பாட்டுக்கடைகளில் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தால் அணைத்ததுதான். கெஞ்சினாலும் நடக்காது. காலையில் வாங்கிய நீள ரொட்டியின் மிச்சமும் ஒரு துண்டு சீஸும் தக்காளியும்தான் மதியச் சாப்பாடு. கோட்டை மதில் நிழலில் உட்கார்ந்து தின்றோம். அன்று அது போதுமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு தயிர் சாதத்துக்காக ஏங்கினேன்.

க்ளூனி மடத்தை 910ல் நிறுவினார்கள். ரோமில் இப்போதைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப்பெரிய தேவாலயம் இங்கேதான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதைக் கல்குவாரி மாதிரி உடைத்து விற்றுவிட்டார்கள். மிச்சம் நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தரையில் நிற்கும் தூண்களின் அடிப்பகுதியை வைத்து மீதியை நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் சுரங்கம். க்ளூனிக்குத் தெற்கே புவா கிளேர் மலையைக் குடைந்து ரயில் போன 1.6 கிலோமீட்டர். குளிர்காலத்தில் இதை மூடிவிடுவார்கள், வௌவால்கள் உறங்கும் காலம் அது. செப்டம்பரில் திறந்திருந்தது. வெளியே வேர்வை, உள்ளே நுழைந்ததும் பல் கிட்டியது. மங்கலான விளக்கு, ஈரச்சுவர். யாரோ பின்னால் வருவதுபோல ஓர் இரைச்சல் கேட்டு, பழக்க தோஷத்தில் ஓரம் கட்டினேன். எங்கள் டயர்ச் சத்தமேதான் எதிரொலித்துக்கொண்டிருந்தது. மறுபுறம் வெளியே வந்தால் பெர்ஸே கோட்டை, அதன் காலடியில் மறுபடியும் கொடி வரிசைகள்.

மாக்கோனுக்குக் கொஞ்சம் முன்னால் பசுமை வழி முடிந்து ஊர்ச்சாலையில் சேர்ந்தோம். மூன்று நாள் பழக்கத்தில் அருகருகே பேசிக்கொண்டே போனோம். ஒரு வளைவில் எதேச்சையாகத் திரும்பிப் பார்த்த மனைவி, “ஐயோ, பின்னாடி” என்றாள். நான்கு கார்கள். முதல் காரில் இருந்த பெண், நாங்கள் விலகியதும் கையை உயர்த்திவிட்டு மெதுவாகத் தாண்டிப் போனார்.

“எவ்வளவு நேரமா வர்றாங்க?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை.