கூப்பிட்டது நான்

'சம்பவ நேரத்தில் ஸ்பாட்டர் தன் இடத்தில் இல்லை' என்று அறிக்கையில் எழுதினேன். ஸ்பாட்டர் என்றால் மேலே வேலை செய்பவரைக் கீழே நின்று பார்த்துக்கொள்பவன். பொய்யில்லை. அவனைக் கூப்பிட்டது யார் என்பதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு ஷெட். கூரைக்கு அடியில் உப்புக்காற்று தின்ற பர்லின்களை, அதாவது கூரைத் தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை, சுரண்டி பெயிண்ட் அடிக்கும் வேலை. நீண்ட கையின் நுனியில் ஆள் நிற்கும் பாஸ்கெட் உள்ள வண்டி, பூம் லிஃப்ட், வாடகைக்கு வந்தது; அதோடு ஆபரேட்டரும் வந்தார். அவரை நான் லேசில் விடவில்லை. லிஃப்ட் ஓட்டப் பயிற்சி முடித்ததற்கான ஐபாஃப் கார்டை வாங்கி ஐந்து வருடக் கெடு தாண்டவில்லையே என்று பார்த்தேன். அதில் 3ஏ பிரிவு நேராக மேலே ஏறும் சிசர் லிஃப்டுக்குத்தான், பூமுக்கு 3பி வேண்டும், அதுவும் இருந்தது. அப்புறமும் மனம் கேட்காமல், ஹார்னஸ் கொக்கியை பாஸ்கெட்டில் எங்கே மாட்டுவீர்கள், ஏற்றி இறக்கிக் காட்டுங்கள் என்று அரை மணி நேரம் படுத்தினேன்.

கீழே நிற்க வந்தவன் தங்கச்சிமடத்துப் பையன். தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, கிடைத்த வேலைக்கு வருவார்கள். அவனிடம் பேசியது இதுதான்.

"மேலே ஏதாவது ஆச்சுன்னா கீழேயிருந்து இறக்கத் தெரியுமா தம்பி?"

"தெரியும் சார்."

"சரி."

முதல் நாள் கூலிக்கு வந்தவன் தெரியாது என்றா சொல்வான்? இறக்கிக் காட்டச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள் காலை, "சார், கச்சான் காத்து எழும்புது" என்றான். காற்றுமானியைப் பார்த்தேன், நொடிக்கு 8 மீட்டர். வண்டியின் தகட்டில் 12.5 வரை போகலாம் என்று இருக்கிறது. பரவாயில்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் ரோட்டுப் பக்கத் தடுப்பு சாய்ந்தது. கருவாட்டுக் கூடையோடு இரண்டு அம்மாக்கள் குறுக்கே வரப் பார்த்தார்கள். "தம்பி, ஓடி வா, இதப் பிடி" என்றேன்.

அவன் ஒரு தடவை மேலே பாஸ்கெட்டைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். வந்துவிட்டான்.

கயிறு கட்டி முடிக்கவில்லை, மேலே சத்தம். பின்னால் பார்க்காமல் பாஸ்கெட்டை உயர்த்திய ஆபரேட்டர் பர்லினுக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் சிக்கி, நெஞ்சு கண்ட்ரோல் பெட்டிமேல் அழுந்தக் கிடந்தார். பையன்தான் முதலில் ஓடினான். கீழ் பேனலுக்கு முன்னால் நின்றான். விரித்த கை பட்டன்களுக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. சாவியைக் கீழ்ப் பக்கம் திருப்பினால்தான் அந்தப் பட்டன்கள் கேட்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. நான் போய்த் திருப்பினேன். எலும்பு முறியவில்லை. தோள்பட்டை கன்றிக் கறுத்திருந்தது.

அந்த அம்மாக்கள் அடியில் வந்து, மேலேயிருந்து சுரண்டும் கருவி ஒன்று விழுந்திருந்தால்? கூப்பிட்டது சரிதான் என்று அப்போது தோன்றும். ஆனால் ஒரு விசில் அடித்து வேலையை நிறுத்தியிருக்கலாமே. விசில் என் கழுத்தில்தான் தொங்கியது. இறக்கத் தெரியாதவன் அங்கேயே நின்றிருந்தாலும் என்ன பயன் என்றும் சில நாள் மனதைத் தேற்றிக்கொள்வேன். அதுவும் நிற்காது. காற்றை எனக்கு முன்னால் பார்த்தவன், பர்லினையும் பார்த்துக் கத்தியிருப்பான்.

மறுநாள் கூலியைக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டார்கள். அவன் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது கீழே நிற்க வருபவர் யாராக இருந்தாலும், சாவியைத் திருப்பி மூன்று தடவை இறக்கிக் காட்டாமல் வேலையைத் தொடங்க விடுவதில்லை. "மேலே ஆள் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் நகரக் கூடாது, நான் கூப்பிட்டாலும்" என்றும் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள்.

போன மாதம், பாஸ்கெட் தரையிலிருந்து முழ உயரத்தில் ஆளோடு நின்றபோது, புதுப் பையன் ஒருவனைச் சோதிக்க நினைத்து, "தம்பி, அந்தத் தண்ணி பாட்டிலக் கொண்டா" என்று கூப்பிட்டேன். மூச்சு வாங்க ஓடி வந்து, மூடியைத் திறந்தே நீட்டினான்.