புகை போன பக்கம்

பட்டு வளர்ச்சித் துறையில் களப்பணியில் இருந்த வருஷங்களில், விவசாயி விடிவதற்குள் போன் செய்தால் புழு வளர்க்கும் ஷெட்டில் ஏதோ தப்பு என்று அர்த்தம். அன்றைக்கு ஐந்தரைக்கு வந்தது. "சார், புழுவெல்லாம் தலையத் தூக்கித் தூக்கிப் பாக்குது. பச்சையாக் கக்குது. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

வாழப்பாடிப் பக்கம் ஒரு கிராமம். 200 முட்டைத் தொகுதி எடுத்திருந்தார். தொகுதிக்கு 400 புழு என்று வைத்தாலும் 80,000. கூடு கட்டுவதற்கு முந்தின கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தின் நாலாம் நாள். புழு ஆயுசில் தின்னும் தழையில் ஐந்தில் நாலு பங்கை இந்த ஒரு வாரத்தில்தான் தின்கிறது. செலவெல்லாம் முடிந்து, கூடு மட்டும் பாக்கி என்கிற கட்டம்.

ஷெட்டுக்குள் போனதும் புழு தழை தின்னும் சத்தம் அடங்கியிருந்ததுதான் உறைத்தது. மேற்குச் சன்னல் ஓரம் போட்ட தழை போட்டபடி கிடந்தது. அவர் மனைவி ஒவ்வொரு புழுவாக விரலால் தொட்டு, அசைந்ததைத் தனியே எடுத்துக்கொண்டிருந்தார். கிழக்கு ஓரத்தில் தின்றுகொண்டுதான் இருந்தன. நோய் இப்படித் திசை பார்த்து வராது. மருந்து.

"தோட்டத்துக்கு என்ன அடிச்சீங்க?" என்றேன். பழக்க தோஷம், எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் விவசாயி மேல், அடுத்தது பக்கத்துக் காட்டுக்காரர் மேல். அவர் ஒன்றும் சொல்லாமல் மேற்கே கை காட்டினார். மூன்று வருஷம் முன்புவரை சோளக்காடு. இப்போது பதினோரு வீடு. முந்தின சாயங்காலம் வீட்டுக்காரர்கள் காசு போட்டு, மெஷின் வாடகைக்கு எடுத்து, கொசுப்புகை அடித்திருக்கிறார்கள். ஐப்பசி மழை, டெங்கு பயம். கொசுவைக் கொல்லும் பைரித்ராய்டுக்குப் பட்டுப்புழுவும் ஒரு பூச்சிதான். ஷெட் பக்கம் கொசுவத்திச் சுருள்கூடக் கொளுத்த விடமாட்டோம்.

சன்னலையெல்லாம் திறந்து புதுத் தழை போடச் சொல்லிவிட்டு முதல் வீட்டுக்குப் போனேன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுக்களின் நகல்களை எடுத்து வந்தார். எருக்குழி நாற்றம், ஈ, ராத்திரியெல்லாம் லைட்டு. "பேத்திக்கு ரெண்டு தடவ காய்ச்சல் வந்துருச்சுங்க. நாங்க என்ன செய்யறது?"

டெங்குக் கொசு எருக்குழியில் வளர்வதில்லை, நல்ல தண்ணீரில்தான். அவர் வீட்டுத் தொட்டிக்கே மூடி இல்லை. எட்டிப் பார்த்தால் கொசுப்புழு நெளிந்தது. காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. ஆனால் எருக்குழி விஷயத்தில் அவர் சொன்னது நியாயம். காம்பவுண்டிலிருந்து பதினைந்தடிதான். புழுக்கழிவைக் கொட்டியதும் மண் போட்டு மூடுங்கள் என்று விவசாயியிடம் நானே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். 'ஆகட்டும் சார்' என்றதோடு சரி.

இதில் என் பங்கும் உண்டு. ஷெட் கட்ட இடம் பார்க்கப் போனவன் நான். பக்கத்தில் புகையிலைக் காடு உண்டா என்று சுற்றிப் பார்த்தேன். புகையிலை புழுவுக்கு ஆகாது. சோளத்தட்டைக்கு நடுவே வெள்ளைக் கல் வரிசையாக நட்டிருந்ததும் கண்ணில் பட்டது. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

140 கிலோ எதிர்பார்த்த இடத்தில் நாற்பது கிலோ கூடுதான் தர்மபுரி அங்காடிக்குப் போனது.

அடுத்த வருஷம் சேலம் அணைமேட்டு ஆபீசுக்கு மாறுதல் ஆனேன். ஒரு நாள் ரயில்வேக்காரர் கூப்பிட்டார். "சார், அவரு இப்ப புழு எடுத்திருக்காரா? மருந்தடிக்கணும்."

விவசாயிக்குப் போட்டேன். சாக்கிப் புழு, அதாவது வெளியே வளர்த்துத் தரும் இளம்புழு, வந்து பத்து நாளாம். நாள் எண்ணிப் பார்த்து, ரயில்வேக்காரரிடம் இன்னும் பன்னிரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். "அவரையே கேட்டிருக்கலாமே, பக்கத்துலதானே இருக்கார்?" என்றேன்.

"எருக்குழிய இன்னும் பாதிதான் மூடியிருக்காரு சார்" என்றார்.